கணினிக் கேள்வி பதில்: பெட்டியைக் கொடுங்கள், டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10க்குக் கொடுத்த ஆதரவை நிறுத்திவிட்டது. ‘உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும், நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலுக்கே இரண்டு பேர் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கட்டியிருந்தது கிழிந்த டயர் டியூப்பால். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பழையதை விற்பது, வேறு வாங்குவது பற்றி மட்டும்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தோட்டத்தில் 31 வருஷம் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். லிந்தாங் சாலைப் பக்கம் தாமானில் (குடியிருப்பில்) வீடு. 2015இல் 1,900 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய மேசைக் கணினி இருக்கிறது. ஐ5-4460 புரோசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கோயில் கமிட்டிக் கணக்கு, கடிதங்கள், எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அதில்தான். 1998லிருந்து தமிழில் அடித்து வைத்த கோப்புகளும் உண்டு. படிவம் நான்கு படிக்கும் பேத்தியும் பள்ளி வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறாள். கடையில் கேட்டால் 70 வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். அதை விற்று, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு வேறு வாங்கலாம் என்று பார்க்கிறேன். மகன் லேப்டாப் வாங்குங்கள் என்கிறான். என்ன விலைக்கு விற்கலாம், எதை வாங்கலாம்? (ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, விலைக்கு வருகிறேன். ‘விற்று, அந்தக் காசோடு’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பக்கென்றது. முதலில் புதியது வீட்டுக்கு வரட்டும். பழையதில் உள்ளதெல்லாம் அதற்குப் போகட்டும். இரண்டு வாரம் புதியதில் மட்டும் வேலை பாருங்கள், கோயில் கணக்கை ஒருமுறை மாத முடிவு வரைக்கும் போட்டுப் பாருங்கள், பிரிண்டரில் ரசீது அடித்துப் பாருங்கள். எதுவும் விட்டுப்போகவில்லை என்று மனசு ஒப்பிய பிறகுதான் பழையதை விற்க வேண்டும். 70 வெள்ளி எங்கேயும் ஓடிப்போகாது. விற்ற பெட்டிதான் திரும்பி வராது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் 1998ஆம் வருஷத்துக் கோப்புகள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் தமிழ் யூனிகோட் முறை அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வரவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் ஆரம்பித்த முரசு அஞ்சலில்தான் நம்மில் பலர் அடித்துக்கொண்டிருந்தோம், வேறு சிலர் வேறு வேறு எழுத்துருக்களில். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு எழுத்துகளுக்கான எண்கள்தான் உள்ளே கிடக்கின்றன, அந்தந்த இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த வெள்ளைக்காரன் எழுத்தாக வரிசைவரிசையாக நிற்கும். ஒரு கோயில் செயலாளர் அப்படித்தான் கோப்பெல்லாம் வைரஸ் தின்றுவிட்டது என்று என்னிடம் வந்தார். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. எழுத்துரு பழைய கணினியிலேயே தங்கிவிட்டது, அந்தக் கணினியை அவர் போன வாரம்தான் விற்றிருந்தார்.

அதனால் பழையதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் ஒரு தம்ப்டிரைவில் எடுத்து வையுங்கள். புதியதில் அவற்றை நிறுவினால் பழைய கோப்பு பழையபடி தெரியும். பிறகு ஓய்வு கிடைக்கும்போது முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆட்கள் பெயர்ப் பட்டியலை முதலில் மாற்றுங்கள், அது போனால் யாரிடம் போய்க் கேட்பது? இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையும் அஞ்சல் முறையும் வந்துவிட்டன, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது டிஸ்க். பெட்டியைக் கொடுங்கள், டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். டெலிட் செய்துவிட்டேன், ரிசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன் என்று சொல்வீர்கள். நீங்கள் கிராணியாக இருந்தவர், உங்களுக்குச் சொன்னால் புரியும்: செக்ரோல் என்ற ஆட்கள் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவர் தோட்டத்தை விட்டே போய்விடுவாரா? லயத்தில்தான் இருப்பார், வேறு ஆள் அந்த வீட்டுக்குக் குடிவரும்வரை. டெலிட் செய்வதும் அப்படித்தான். பட்டியலிலிருந்து பெயர் போகிறது, கோப்பு அதே இடத்தில் கிடக்கிறது. சாதாரண வேக ஃபார்மட்டும் பட்டியலைத்தான் கிழிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பத்து வயசுப் பையன்கூடத் திரும்ப எடுத்துவிடுவான்.

நானே பட்டவன்தான். 2012இல் என் பழைய கணினியை ஃபார்மட் செய்து ஒரு தம்பிக்கு விற்றேன். ஒரு மாதம் கழித்து அவனே கூப்பிட்டு, ‘அண்ணே, என் படத்தைத் தேடினா உங்க தங்கச்சி கல்யாண வீடியோ வருதுண்ணே, கொண்டுவந்து கொடுக்கவா?’ என்றான். நல்ல பையன், கொடுத்தான். அதோடு என் அடையாளக் கார்டு இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்திருந்ததும், வங்கிப் பாரமும் வந்தன. அன்றைக்கு எனக்கு வேர்த்த வேர்வை!

உங்கள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கைக்கு அடக்கமான புத்தகம் மாதிரி ஹார்ட் டிஸ்க் இருக்கும். இரண்டு ஒயர், நாலு திருகாணி, அவ்வளவுதான். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். அதை வெளியிலிருந்து படிக்கும் யுஎஸ்பி பெட்டி கடையில் கிடைக்கும், ஆனால் உங்களுடையது மூன்றரை அங்குல டிஸ்க், அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டரோடு வருவதைத்தான் கேட்க வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்னப் பெட்டியை நீட்டுவார்கள், வாங்கிவிடாதீர்கள். ஒன்று மறக்க வேண்டாம்: பத்து வருஷம் சுழன்ற டிஸ்க். நம்பி அதில் மட்டும் வைக்காதீர்கள். புதிய கணினியில் ஒரு பிரதி, வெளியே வேறொன்றில் ஒரு பிரதி.

டிஸ்க் இல்லாமல் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். வாங்குவார்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத வேக டிஸ்க்) ஒன்று போட்டு, புதிதாக விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தால் இன்னும் சுலபமாகப் போகும். ஏற்கெனவே முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 10 என்றால் அந்த உரிமம் மதர்போர்டோடு (தாய்ப் பலகையோடு) ஒட்டியது, இணையம் கிடைத்ததும் தானே பிடித்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்குப் போடும் காசு விற்கும் விலையில் திரும்புமா என்று மட்டும் கணக்குப் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன், குரோமிலும் மைக்ரோசாப்ட் கணக்கிலும் சைன் அவுட் செய்துவிடுங்கள், கைப்பேசியில் வாட்சாப்பைத் திறந்து இணைத்த சாதனங்களில் இந்தக் கணினியை நீக்குங்கள்.

இப்போது விலை. 70 வெள்ளி என்றதும் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கோபம் வந்திருக்கும், வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. உங்கள் ஐ5-4460 என்பது 2014இல் வந்த நாலாம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். ரேம் டிடிஆர்3, புதிய பலகைகளில் அது உட்காரவே உட்காராது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். கடைக்காரர் அதைத் துடைத்து, சோதித்து, யாராவது வரும்வரை அடுக்கிவைக்க வேண்டும். 70 நியாயமான கடை விலைதான். நேரடியாக ஓர் ஆளுக்கு விற்றால் 150 வெள்ளி சுற்றிக் கேட்டுப் பார்க்கலாம், மானிட்டரும் சேர்ந்தால் கொஞ்சம் கூட. முடா, கரோசல் என்ற பழைய பொருள் விற்கும் தளங்கள் எதிலாவது இதே புரோசசரைத் தேடுங்கள். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், மூன்று மாதமாக விற்காமல் கிடக்கும் விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். புதிதாக வந்து நாலைந்து நாளில் மறைந்துபோனது என்ன விலை என்று கவனியுங்கள். அதுதான் சந்தை.

விளம்பரத்தில் உண்மையைப் போடுங்கள். புரோசசர், ரேம், டிஸ்க் இல்லை, விண்டோஸ் 11 ஏறாது, எத்தனையாம் வருஷம் வாங்கியது. பெட்டி ஓடும்போது திரையோடு ஒரு படம், உள்ளே திறந்து ஒரு படம், பின்பக்கத் துளைகள் தெரிய ஒரு படம். ‘டிப்டாப் கண்டிஷன்’ என்று மட்டும் எழுதினால் நாற்பது பேர் ‘கடைசி விலை?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள்.

எதை வாங்குவது? லேப்டாப் வேண்டாம் என்பேன். கணக்குப் போடுவதும் நீண்ட கடிதம் அடிப்பதும் உங்கள் வேலை, உங்கள் வயசில் 14 அங்குலத் திரையைக் குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். பேத்திக்காக என்றால், அவள் எஸ்பிஎம் தேர்வு முடித்து மேற்படிப்புக்குப் போகும்போது லேப்டாப் கட்டாயம் வேண்டியிருக்கும். இப்போதே வாங்கினால் அப்போது அது பழசு. அன்றைக்குப் பேத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அலுவலகங்கள் குத்தகைக்கு எடுத்து மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிய கணினிகள் ஈப்போ கடைகளில் துடைத்துச் சரிபார்த்து விற்கப்படுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ தின்க்சென்டர் இந்த வகை. புதியதைவிட எவ்வளவோ மலிவு, கட்டுமானம் கெட்டி. இங்கே ஓர் எண்தான் எல்லாவற்றையும் மாற்றும். ஆப்டிபிளெக்ஸ் 3050 என்றால் ஆறு, ஏழாம் தலைமுறை. 3060 என்றால் எட்டு. எலிட்டெஸ்க் 800இல் ஜி3 பழையது, ஜி4 எட்டாம் தலைமுறை. தின்க்சென்டரில் எம்710 வேண்டாம், எம்720 சரி. வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் ஒன்றில் விண்டோஸ் 11 ஏறும், மற்றதில் ஏறாது. ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உங்கள் வேலைக்குத் தாராளம். 16 ஜிபி கேட்கலாமா என்றால், 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போனதில் விலை எகிறிப்போயிற்று, இப்போதைக்கு 8 போதும்.

இந்த மாடல்களில் உள்ளங்கை அகலக் குட்டிப் பெட்டியும் வரும், பார்க்க அழகாக இருக்கும். உங்களுக்கு அது வேண்டாம், மூன்றரை அங்குல டிஸ்க் அதற்குள் போகாது. நடுத்தர அளவுப் பெட்டியாக வாங்கினால் பழைய டிஸ்க்கை உள்ளேயே மாட்டிக்கொண்டு கோப்புகளை நிதானமாக எடுக்கலாம், யுஎஸ்பி பெட்டிச் செலவும் மிச்சம். உங்கள் பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ ஒயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லா அலுவலகப் பெட்டியிலும் விஜிஏ துளை இருக்காது, கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சின்ன ஒயர் வேண்டும். வைஃபை பலவற்றில் இல்லை, அதையும் கேளுங்கள்.

கடையில் ஒரு சோதனை. பெட்டியைப் போட்டதும் டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 தட்டுங்கள். உள்ளே விடாமல் பாஸ்வேர்டு கேட்டால், முன்னாள் அலுவலகம் போட்ட பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று அர்த்தம். கழற்றிக் கொடுத்தால் வாங்குங்கள், ‘அது ஒண்ணும் செய்யாது அங்கிள்’ என்றால் நடையைக் கட்டுங்கள். பில்லில் மாடல் எண், புரோசசர், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன உத்தரவாதம் ஈப்போ சாலைத் திருப்பத்திலேயே கரைந்துவிடும்.

அவசரப்பட வேண்டாம். வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு இற்றைகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள்; மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் காசும் இல்லை. அதற்குள் நல்ல பெட்டியாகத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணே, கடையில் ஐ7 கணினி ஒன்று, கிளாஸ் கேசிங், கலர் கலராக லைட் எரிகிறது. பக்கத்தில் ஐ3 ஒன்று சாதாரணக் கறுப்புப் பெட்டி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஐ7தானே பெரிசு? (பாலிடெக்னிக் மாணவர், கோலாகங்சார்)

பதில்: தம்பி, ஐ7க்குப் பிறகு வரும் எண்ணை ஏன் எழுதவில்லை? கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். நேராகப் போய் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் திறந்து பார். கோடுக்குப் பின்னால் நாலு இலக்கமும் முதல் இலக்கம் 3 ஆகவும் இருந்தால், உதாரணமாக 3770 என்றால், அது 2012ஆம் வருஷத்துச் சரக்கு. உனக்கு அப்போது என்ன வயசு? ஐ3-8100 என்று இருந்தால் அது எட்டாம் தலைமுறை, அதிலும் நாலு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும், ரேம் டிடிஆர்4. இலக்கம் ஐந்தாகவும் ஆரம்பம் 10, 12 என்றும் இருந்தால் பத்தாம், பன்னிரண்டாம் தலைமுறை. ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருஷத்துப் பிள்ளைகளுக்குள் யார் பெரியவன் என்று சொல்வது. வேறு வேறு வருஷத்தை அதை வைத்து ஒப்பிட முடியாது.

கறுப்புப் பெட்டியை எடு. லைட் வேண்டுமென்றால் தீபாவளிக்கு வாங்கின சரம் வீட்டில் இருக்கும்.

இன்னொன்று. கடையில் வாங்கியது சொன்னபடி இல்லை, திருப்பிக் கேட்டால் கையை விரிக்கிறார்கள் என்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் பில், பில் என்று ஒவ்வொரு மாதமும் கத்துகிறேன்.

கேள்வி: வீட்டில் தையல் வேலை செய்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகளுக்காக வாங்கிய கணினியை விற்க விளம்பரம் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒருவர், பார்க்காமலே முழு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், கூரியர் ஆள் வந்து வாங்கிக்கொள்வார், பணம் வர இந்த லிங்க்கில் உங்கள் பேங்க் விவரத்தைப் போடுங்கள் என்றார். போடலாமா ஐயா? பேரமே பேசவில்லை, அதுதான் சந்தேகம். (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: சகோதரி, பேரம் பேசாத ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களே, அந்தப் புத்தியை விடவே விடாதீர்கள். போடாதீர்கள். பணம் வாங்குபவர் எந்த லிங்க்கையும் திறக்க வேண்டியதில்லை, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை, கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. பணம் வாங்கும் உங்கள் டூயிட்நவ் கியூஆரைக் காட்டினால் பணம் வரப்போகிறது. இதற்கு மேல் எது கேட்டாலும் அது உங்கள் கணக்கை வழித்தெடுக்கத்தான்.

நேரில் வரச் சொல்லுங்கள், அதுவும் வீட்டுக்கு வேண்டாம். ஆள் நடமாட்டம் உள்ள சாப்பாட்டுக் கடை, பிளக் பாயிண்ட் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தால் போட்டும் காட்டலாம். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆளுக்கொரு தேத்தண்ணி சொல்லிவிடுங்கள். தம்பியோ அண்ணனோ கூட வரட்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று அவர் கைப்பேசியில் காட்டும் ரசீதை நம்பாதீர்கள், அதை இரண்டு நிமிஷத்தில் வரைந்துவிடலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியைக் கையில் கொடுங்கள்.

யாராவது ஏற்கெனவே லிங்க்கில் போட்டுவிட்டார்கள் என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே வங்கியையும் பண மோசடிப் புகார் எண்ணான 997ஐயும் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்கத்தான் அந்த எண். சந்தேகமான வங்கிக் கணக்கு எண் கையில் இருந்தால், போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: கணினியின் தேதி ஒவ்வொரு நாளும் 2009க்குப் போய்விடுகிறது. இணையம் திறந்தால் பாதுகாப்பில்லை என்கிறது. விற்றுவிட வேண்டியதுதானா?

பதில்: மதர்போர்டில் இருபது காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. மாற்றுங்கள். இதற்காகக் கணினியை விற்பது, காற்று இறங்கிவிட்டது என்று மோட்டாரை விற்கிற மாதிரி.

கேள்வி: போன மாதம் இடி இறங்கியதில் மோடமும் கணினியும் சேர்ந்து போய்விட்டன. பவர் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. உதிரிப் பொருளாக விற்கலாமா, ரிப்பேர் செய்யலாமா? (செம்பனைத் தோட்ட வாசகர்)

பதில்: மோடமும் சேர்ந்து போயிருக்கிறது என்றால் இடி மின்சார ஒயரில் மட்டும் வரவில்லை, இணைய ஒயர் வழியாகவும் வந்திருக்கும். நம் பக்கத்தில் நான் பார்த்ததில் பாதி கணினிகள் இப்படித்தான் செத்தன. தோட்டத்துக்குள் ஒயர் நீளமாக, வெட்டவெளியில் வருகிறது இல்லையா?

முதலில் கடையில் வேறு பவர் சப்ளையை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்லவேளை என்றால் பவர் சப்ளை மட்டும் அடி வாங்கித் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். மாற்றினால் ஓடும். மதர்போர்டு போயிருந்தால், எட்டாம் தலைமுறைக்குக் கீழ் உள்ள கணினிக்குப் புதுப் பலகை தேடிக் காசு போடாதீர்கள். அப்போதும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடு இருக்கும், கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ‘இடி விழுந்தது, உதிரிப் பொருளுக்காக’ என்று எழுதியே விற்கலாம். ரேமையும் புரோசசரையும் கேட்டு வருவார்கள். இடி விழுந்ததை மறைத்து விற்காதீர்கள், சின்ன ஊர், நாளைக்குக் கோயில் திருவிழாவில் அதே ஆள் எதிரே வந்து நிற்பார்.

அடுத்த கணினிக்கு இடி தாங்கும் நீட்டிப் பெட்டி வாங்குங்கள், சரி. ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, நாலைந்து வருஷத்தில் வெறும் நீட்டி ஒயராகிவிடும். மேற்கே கறுத்தால் பிளக்கையும் இணைய ஒயரையும் கையால் பிடுங்குவதுதான் என் வழி. என் மனைவி துணியை எடுக்க ஓடுவார், நான் ஒயரைப் பிடுங்க ஓடுவேன்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் பழைய கணினி 12 கிடக்கிறது. விற்று அந்தக் காசில் புதிதாக ஒன்று வாங்கலாமா? நான் எனக்கென்று லேப்டாப் வாங்கினால் வருமான வரியில் கழிவு உண்டா? (ஆசிரியை)

பதில்: டீச்சர், பெட்டியில் அரசாங்கச் சொத்து எண் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். அதைக் கழிப்பதற்கு என்று முறை இருக்கிறது, தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி இலாகா வழியாகத்தான் போக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கியது, யாராவது நன்கொடை கொடுத்தது என்றாலும், சொத்துப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள். நல்லது செய்யப்போய் ஆடிட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்புக்குக் கழிவு உண்டு. வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 வெள்ளி வரைக்கும். உங்களுக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ வாங்கியதாக இருக்கலாம், தொழிலுக்கு என்று இருக்கக் கூடாது. புத்தகம், கைப்பேசி, வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500க்குள்தான். வரியில் 2,500 குறையும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், குறைவது வரி கணக்கிடும் வருமானத்தில். பில்லை ஏழு வருஷம் வைத்திருங்கள், கடையில் கொடுக்கும் வழுவழுத் தாள் ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிக் கொடுத்த கணினி, ஐ3-2100, 4 ஜிபி ரேம். அவர் இப்போது இல்லை. விற்க மனசு வரவில்லை. வேறு எதற்காவது ஆகுமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: விற்காதீர்கள் தம்பி. 40 வெள்ளிகூடக் கிடைக்காது, அதற்காக ஏன்? ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள், இலவசம். இணையம், யூடியூப், கடிதம் அடிக்க, பிள்ளைக்குத் தட்டச்சுப் பழக நன்றாகவே ஓடும். ஐந்தாறு டேப்பை ஒன்றாகத் திறந்தால் மட்டும் திணறும். தமிழும் அடிக்கலாம். ஏற்றும் முன் அப்பாவுடைய கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். படங்கள் இல்லாத ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள், எக்செல் கோப்பு ஒன்றில் வீட்டுக் கடன் கணக்கு எழுதியிருப்பார், அதில் ஓரமாக உங்கள் பெயர் இருக்கும்.

கேள்வி: ‘சூராட் கபார் லாமா’ என்று பழைய பேப்பர் வாங்க வரும் லோரிக்காரர் பழைய தடிமன் மானிட்டருக்கு 3 வெள்ளி தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடவா?

பதில்: வேண்டாம். அந்தத் தடிமன் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை யாராவது செம்பனைக் காட்டுப் பக்கம் உடைத்துப் போட்டுவிடுவார்கள், ஒயரைக் கொளுத்துவார்கள், புகை நம் தாமானுக்குத்தான் வரும். நம் நாட்டில் மின்னணுக் கழிவு குப்பைக் கணக்கில் சேராது, சுற்றுச்சூழல் இலாகாவின் அபாயக் கழிவுப் பட்டியலில் 110ஆம் எண். அந்த இலாகாவின் உரிமம் உள்ள சேகரிப்பு நிலையங்கள் ஈப்போ பக்கம் எங்கே என்று இலாகாவையே கேளுங்கள், அடுத்த தடவை ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது காரில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதுவரைக்கும் கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும், இத்தனை வருஷம் கிடந்ததுதானே. நீங்களாகப் பின்பக்கத்தைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குழாய்க்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.